‘வயசுக்கேத்த மாதிரி’ என்றால் யார் வயசுக்கு?

கேள்வி: எனக்கு 44 வயது. கணக்குப் பிரிவில் வேலை. மகளுக்கு 17. சின்ன வயதிலிருந்து நீச்சல் கற்றுக்கொள்ள ஆசை. மூன்று மாதம் முன்பு வகுப்பில் சேர்ந்தேன். தெரிந்த அன்றைக்கே மாமியார், “இனிமே இதெல்லாம் எதுக்கும்மா, நாலு பேர் என்ன சொல்லுவாங்க?” என்றார். மகள், “என் ஃப்ரெண்ட்ஸ் வர்ற நேரத்துல நீ வராதம்மா, ப்ளீஸ்” என்கிறாள். கணவருக்கு 48. போன வருஷம் சைக்கிள் வாங்கி, லீவு நாளில் 40 கிலோமீட்டர் மிதிக்கிறார். அவரை எல்லோரும் “இன்னும் பையன் மாதிரி இருக்காரு” என்று மெச்சுகிறார்கள். என் விஷயத்தில் அவர் எதிர்த்தும் பேசவில்லை, ஆதரித்தும் பேசவில்லை. குளத்தில் இறங்கினால் எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றினால் எதிர்ச்சுவர்க் கடிகாரம்கூடத் தெரியாது எனக்கு, இருந்தாலும் அப்படித் தோன்றுகிறது. இரண்டு வாரமாகப் போகவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மாதவிலக்கு ஒரு முறை 22 நாளில், அடுத்த முறை 40 நாள் கழித்து. சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துகிறேன். அலுவலகத்திலோ, “டை அடிச்சா நல்லா இருப்பீங்க மேடம்” என்கிறார்கள். எனக்கு என்ன ஆகிவிட்டது? வயசுக்கேத்த மாதிரி நடந்துகொள்ளத் தெரியாதவளா நான்?

பதில்: மூன்று மணி விழிப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். மாமியாரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

22 நாள், பிறகு 40 நாள், நடுராத்திரி விழிப்பு, பொசுக்கென்று வரும் கோபம். இவை எல்லாம் 44 வயதில் சேர்ந்து வந்தால், உங்கள் குணத்தைச் சந்தேகப்படும் முன் ஹார்மோனைச் சந்தேகப்பட வேண்டும். தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராமல் இருந்தால்தான் ‘நின்றுவிட்டது’ என்று மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். பெரும்பாலான பெண்களுக்கு அது 45க்கும் 55க்கும் நடுவில் நடக்கிறது. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சினைப்பைகள் தடுமாறத் தொடங்கிவிடும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சீராகக் குறைந்துகொண்டே போனால்கூடச் சமாளித்துவிடலாம். அது ஒரு மாதம் எகிறும், அடுத்த மாதம் சரியும். தேதி முன்பின்னாவதும் தூக்கம் கெடுவதும் எரிச்சலும் பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கத்தால் வருபவை. பெரிமெனோபாஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இந்தக் கட்டத்தைத்தான். மனச்சோர்வு எட்டிப் பார்க்கும் வாய்ப்பும் இப்போது கூடும். முன்பே ஒருமுறை வந்தவர்களுக்கு இன்னும் கூடுதல்.

நான் மனநல ஆலோசகர். ஒரு கடிதத்தை வைத்து உடம்பை முடிவு செய்ய எனக்கு உரிமை இல்லை. மகளிர் நல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். தைராய்டு கோளாறும் இரத்தசோகையும் இதே வேஷத்தில் வரும், இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். போகும்போது கடைசி ஆறு மாதத் தேதிகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். “என்னமோ சரியில்லை டாக்டர்” என்று ஆரம்பித்தால் பல இடங்களில் “இந்த வயசுல அப்படித்தான்” என்று அனுப்பிவிடுவார்கள். தேதி எழுதிய தாளை நீட்டினால் அப்படிச் சொல்வது கொஞ்சம் கஷ்டம். மணிக்கொரு நாப்கின் மாற்றும் அளவு போனாலோ, ஒரு வருஷம் நின்ற பிறகு மறுபடி இரத்தம் பட்டாலோ நாள் பார்க்காமல் போங்கள். இன்னொன்று: தேதி தாறுமாறாகிவிட்டது, இனிக் கருத்தரிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்து ஏமாந்து, 45 வயதில் என் எதிரில் உட்கார்ந்து அழுதவர்கள் உண்டு.

ஹார்மோன் சிகிச்சை என்றதும் பலருக்குப் பயம். 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் முக்கியமான பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று செய்தி பரவியது, மருத்துவர்களே மருந்து எழுதத் தயங்கினார்கள். அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63 என்பது அந்த அளவுக்குப் பரவவில்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் தொடங்குகிறவர்களுக்கு, தொந்தரவு அதிகமாக இருந்து வேறு தடை ஏதும் இல்லையென்றால், பொதுவாக நன்மையே அதிகம் என்பது இன்றைய மருத்துவக் கருத்து. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் இரத்தம் உறையும் பிரச்சினை இருப்பவர்களுக்கும் கணக்கு வேறு. உங்களுக்குத் தேவையா இல்லையா என்பதை மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். தூக்கத்துக்கு மட்டும் என்றால் மருந்தில்லாத வழியும் உண்டு. தூக்கமின்மைக்கென்றே வடிவமைத்த நடத்தைச் சிகிச்சை சில வாரங்களில் நல்ல பலன் தருகிறது. அதற்கு என்னைப் போன்றவர்களிடம் வரலாம்.

எனக்கு இப்போது 53. 48 வயதில் ஒரு நாள், ஆலோசனைக்கு வந்த ஓர் இளம்பெண் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்கு மார்பிலிருந்து கழுத்து வழியாகக் காதுவரை நெருப்பு ஏறியது. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, அவளுடைய ஃபைலையே எடுத்து விசிற ஆரம்பித்துவிட்டேன். அவள் பேச்சை நிறுத்தவில்லை. எழுந்துபோய் மின்விசிறியை இரண்டு புள்ளி கூட்டி வைத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். நானும் நன்றி சொல்லவில்லை. எத்தனையோ பேருக்கு ‘இது இயல்பு’ என்று வருஷக்கணக்கில் சொன்ன எனக்கு, என் விஷயத்தில் அந்தச் சொல் வாயில் வரவில்லை பாருங்கள். வெட்கம் படிப்பைப் பார்த்து ஒதுங்குவதில்லை.

சரி, இப்போது அந்தச் சொல்லுக்கு வருவோம். வயசுக்கேத்த மாதிரி.

உங்களுக்கு வந்திருக்கும் உத்தரவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தீர்களா? அலுவலகம் ‘நரையை மறை’ என்கிறது. வீடு ‘நரை வந்தாச்சு, அடங்கு’ என்கிறது. தலை ஒன்றுதான், அதன் மேல் இரண்டு உத்தரவு. இளமையாகத் தெரிய வேண்டும், ஆனால் இளமையாக எதுவும் செய்துவிடக் கூடாது. இதற்கு ஏற்றபடி நடக்க யாராலும் முடியாது. உங்களால் முடியவில்லை என்பதில் ஆச்சரியம் இல்லை.

என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பேன். வயசுக்கேத்த மாதிரி என்றால் என்னென்ன என்று ஒரு தாளில் எழுதச் சொல்வேன். 46 வயதுக்காரர் ஒருவர் (அடையாளம் மாற்றியிருக்கிறேன்) மளமளவென்று பதினொன்று எழுதினார். ஒன்று விடாமல் எல்லாம் ‘கூடாது’ என்று முடிந்தன. சத்தமாகச் சிரிக்கக் கூடாது, ஓடக் கூடாது, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உடுத்தக் கூடாது, கணவரோடு வெளியில் கைகோத்து நடக்கக் கூடாது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைச் சொன்னவர் பெயரை எழுதச் சொன்னேன். பேனா மெதுவானது. ஏழு அவருடைய அம்மா. அம்மா இறந்து பல வருஷம் ஆகிறது. இரண்டு, பழைய பக்கத்து வீட்டுக்காரம்மா, அவரும் எங்கேயோ போய்விட்டார். ஒன்றை யார் சொன்னது என்றே நினைவில்லை. மிச்சம் ஒன்றுக்கு மட்டும் தன் பெயரை எழுதினார். அந்த ஒன்றையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடித்தார். என்ன அது என்று நான் கேட்கவில்லை.

நீங்களும் எழுதிப் பாருங்கள். மாமியார் சொன்ன ‘நாலு பேர்’ பெயரையும் கேட்டு எழுதுங்கள். என் அனுபவத்தில் அந்த நாலு பேர் இரண்டரை பேருக்கு மேல் தேறுவதில்லை.

மொழியே இதில் ஒரு கை கொடுத்திருக்கிறது. செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் நம் பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவத்தை ஏழாகப் பிரித்தன: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். கடைசிப் பருவமான பேரிளம்பெண் 32இல் தொடங்கி 40இல் முடிகிறது. அதற்குப் பிறகு? பெயர் இல்லை. கொஞ்சம் யோசித்தால் காரணம் புரியும். உலா வருகிற தலைவனைக் கண்டு மயங்கும் பெண்களை வரிசைப்படுத்தப் போட்ட கணக்கு அது. தெருவில் போகிறவன் பார்வைக்குப் பெண் எதுவரை படுகிறாள் என்று பார்த்து எழுதிய பட்டியலில் 41 வயதுக்காரிக்கு இடம் எதற்கு? பெண்ணே தன் பருவங்களைப் பிரித்திருந்தால் 40இல் நிறுத்தியிருப்பாளா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மற்ற மொழிகளும் ரொம்ப யோக்கியம் இல்லை. அரபு மொழியில் இந்தக் கட்டத்துக்கு வழக்கமான பெயரின் பொருள் ‘நம்பிக்கை இழந்த வயது’. மெனோபாஸ் என்ற சொல்லையே 1821இல் கார்தான் என்ற பிரெஞ்சு மருத்துவர்தான் உருவாக்கினார். மாதக் கணக்கு நிற்பது என்ற அளவில் அது முடிந்துவிடுகிறது. ஜப்பானியர்களின் ‘கோநென்கி’ என்ற சொல்லில் ‘நிற்பது’ இல்லை. மாறுகிற, புதுப்பிக்கிற ஆண்டுகளின் காலம் என்பதுபோல ஒரு பொருள் வரும். மார்கரெட் லாக் என்ற மானுடவியலாளர் 1980களில் ஜப்பானியப் பெண்களிடம் ஆய்வு செய்தபோது, உடம்பில் திடீர் வெப்பம் ஏறுவதாகச் சொன்னவர்கள் அமெரிக்க, கனடியப் பெண்களைவிட நன்றாகவே குறைவு. அவர்கள் அதிகம் சொன்னது தோள்பட்டை இறுக்கத்தை. உணவு, உடல்வாகு என்று இதற்குப் பல காரணம் இருக்கலாம். ஆனால் இந்த வயதில் என்ன வரும் என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிக்கொடுப்பதும், உடம்பில் நாம் எதைக் கவனிக்கிறோம் என்பதில் கை வைக்கத்தான் செய்கிறது.

2002இல் யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒஹையோவின் ஒரு சிற்றூரில் 50 வயதைக் கடந்த 660 பேரின் பதிவுகள். தாங்கள் முதுமையடைவதைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்கள், மோசமாக நினைத்தவர்களைவிட சராசரியாக 7.5 ஆண்டு அதிகம் வாழ்ந்திருந்தார்கள். உடல்நிலை, வசதி, தனிமை எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசம் நின்றது. அதனால் நல்லதையே நினைத்தால் ஏழு வருஷம் போனஸ் என்று நான் சொல்லவில்லை. ‘இந்த வயசுல உனக்கெதுக்கு’ என்று ஒருவரிடம் தினம் சொல்வது ஒன்றும் செய்யாத வெறும் பேச்சு இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் கணவரின் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. ‘மிட்லைஃப் கிரைசிஸ்’ என்ற தொடரை 1965இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் எலியட் ஜாக்ஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர். அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்கள் பெரும்பாலும் ஆண் கலைஞர்கள். ஆணுக்கு நடுவயதில் தடுமாற்றம் வந்தால் அது தேடல். வண்டி வாங்கலாம், மலை ஏறலாம், ஊர் சிரித்தாலும் செல்லமாகச் சிரிக்கும். அதே தடுமாற்றம் பெண்ணுக்கு வந்தால் பெயர் ‘அந்த நேரம்’. மாத்திரை, ஓய்வு, அடக்கம். நீங்கள் குளத்துக்குப் போனதும் தேடல்தான். அதை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

அவர் சும்மா இருப்பதை நடுநிலை என்று நினைக்காதீர்கள். வீட்டில் ஒருவர் தடுக்கும்போது இன்னொருவர் வாயைத் திறக்காமல் இருந்தால் தடுப்பவர் பக்கம்தான் கனம் கூடும். ஆனால் “நீங்க ஏன் எனக்கு சப்போர்ட் பண்ணல?” என்று பொதுவாகக் கேட்டால் சண்டையில் முடியும். குறிப்பாகக் கேளுங்கள். “அடுத்த தடவை அத்தை இதைப் பேசினா, ‘அவ போகட்டும்மா, நல்லதுதானே’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.” சொல்ல வேண்டிய வசனத்தையே கையில் கொடுத்துவிட வேண்டும். பல ஆண்களுக்கு மனம் இருக்கிறது, வசனம்தான் வருவதில்லை.

மாமியாரிடம் வாதம் வேண்டாம். ஒரு மத்தியானம், வேலை ஓய்ந்த நேரத்தில், “என் வயசுல நீங்க எப்படி இருந்தீங்க அத்தை? என்ன ஆசை இருந்துச்சு?” என்று கேளுங்கள். மடக்குவதற்காகக் கேட்காதீர்கள், அவருக்கு அது தெரிந்துவிடும். பதில் வரலாம், “எங்களுக்கெல்லாம் என்ன ஆசை” என்று திரும்பிக்கொள்ளவும் செய்யலாம். அவருடைய 44இல் மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இருட்டில் படுத்துக் கிடந்திருப்பார். அந்தப் பேச்சுக்குப் பிறகும் அவர் மாறாமல் இருக்கக்கூடும். அப்போதும் நீங்கள் வகுப்புக்குப் போகலாம். அவர் சம்மதித்த பிறகுதான் என்று இருந்தால் நீச்சல் கற்க வயது போதாது.

மகள் விஷயத்தில் நான் கொஞ்சம் அவள் கட்சி. 17 வயதில் அம்மா என்பவர் மூச்சு விட்டாலே கூச்சமாக இருக்கும். அதற்கும் உங்கள் வயதுக்கும் சம்பந்தமில்லை, 34 வயது அம்மாவாக இருந்தாலும் அதே ‘ப்ளீஸ்’தான். அவள் கேட்டது நேரத்தை மாற்றச் சொல்லித்தான், வகுப்பை விடச் சொல்லி இல்லை. நேரத்தை மாற்றிக்கொடுங்கள். ஆனால் அவள் எதிரில் “எனக்கு வயசாயிடுச்சு, விட்டுட்டேன்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 44 வயது என்றால் எப்படியிருக்கும் என்று அவள் தினம் பார்க்கிற முதல் ஆள் நீங்கள்.

கத்துவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கத்திய வார்த்தைக்கு மன்னிப்புக் கேளுங்கள், அதில் குறைந்துபோக ஒன்றுமில்லை. ஆனால் எல்லாக் கோபத்தையும் ஹார்மோன் கணக்கில் எழுதிவிடாதீர்கள், மற்றவர்களையும் எழுத விடாதீர்கள். கோபத்தின் சத்தத்தைக் கூட்டுவது ஹார்மோனாக இருக்கலாம். ஆனால் இருபது வருஷமாக வாய்க்குள் வைத்திருந்த ஏதோ ஒன்று இப்போதுதான் வெளியே வருகிறது என்பதும் நடக்கும். அடங்கிய பிறகு, ‘நான் சொன்ன முறை தப்பு, சொன்ன விஷயமும் தப்பா?’ என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

நாற்பதுதான் புதிய இருபது என்றெல்லாம் உங்களிடம் சொல்லப் போவதில்லை. இழப்பு இருக்கிறது. புருவத்தில் ஒரு வெள்ளை முடி தெரிகிற காலை சும்மா கடந்து போகிற காலை இல்லை. வெள்ளெழுத்து வந்து மருந்துச் சீட்டைக் கை நீட்டி எட்டத்தில் பிடித்துப் படிப்பதும் அப்படித்தான். இனிக் குழந்தை இல்லை என்பது, வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்குக்கூட ஒரு நாள் தொண்டையில் நிற்கும். துக்கப்படுங்கள், தப்பில்லை. டை அடிப்பதும் அடிக்காததும் உங்கள் இஷ்டம். எதைச் செய்தாலும் அலுவலகத்துக்கு விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை.

எனக்கு ஆறுதல் தந்த ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன், மருத்துவத்தில் சேராது. விலங்குகளில் குட்டி போடுவதை நிறுத்திவிட்டுப் பல ஆண்டுகள் வாழ்பவை அபூர்வம். ஓர்க்கா திமிங்கிலம் அதில் ஒன்று. சால்மன் மீன் குறைந்த ஆண்டுகளில் கூட்டத்துக்கு முன்னால் போய் வழிகாட்டுபவை பெரும்பாலும் அந்த வயதான பெண் திமிங்கிலங்கள் என்று 2015இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அவற்றை யாரும் ஓரமாக உட்காரச் சொல்வதில்லை. அவையும் நீந்திக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆக, மருத்துவரைப் பாருங்கள், வகுப்புக்குத் திரும்புங்கள். நீச்சல் இதயத்துக்கும் மூட்டுக்கும் நல்லது, தூக்கத்துக்கும் உதவும். எலும்புக்கு மட்டும் அது போதாது, தண்ணீர் உங்கள் எடையைத் தாங்கிவிடுவதால் எலும்புக்கு வேலை குறைவு. மாதவிடாய் நிற்கிற ஆண்டுகளில் எலும்புத் தேய்மானம் வேகமாகும். அதனால் வாரத்தில் இரண்டு நாளாவது பளு தூக்குகிற பயிற்சி ஏதாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் வீட்டில் ஒரு பேச்சு வரும், தயாராக இருங்கள்.

கடைசியாக அந்தக் கடிகார விஷயம். கிட்டப்பார்வைக்காரர்களுக்குப் பவர் வைத்த நீச்சல் கண்ணாடி இருக்கிறது. உங்கள் கண் பவரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். எல்லோரும் உங்களைப் பார்ப்பதாகச் சொன்னீர்கள். அதைப் போட்டுக்கொண்டு இறங்கி, நிஜமாகவே எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணிவிட்டு எனக்கு எழுதுங்கள்.